ஒன்றாம் வகுப்பில் தமிழ் வாசிப்பு: திரைக்கு எந்த வேலையைக் கொடுப்பது?

தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப்பள்ளிகள் பலவற்றில் இன்று ஏதோ ஒரு திரை வந்துவிட்டது. சில இடங்களில் திறன்மிகு வகுப்பறையின் பெரிய பலகை, சில இடங்களில் ஊர்க்காரர்கள் சேர்ந்து வாங்கித் தந்த 43 அங்குல டிவி, எதுவும் இல்லாத இடத்தில் ஆசிரியரின் டேப் அல்லது போன். போட்டுக் காட்டுவதற்கும் குறைவில்லை. 2018-இல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு ஏறியது. 2019-இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2022-இல் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்து, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கச் சொன்னது. இத்தனைக்குப் பிறகும் ஒரு காட்சி மாறவில்லை: திரையில் ஓடும் பாட்டை வரி பிசகாமல் பாடும் பிள்ளை, அதே வரியைத் தாளில் எழுதிக் கொடுத்தால் திகைத்து நிற்கிறது. அந்த இடைவெளியை எப்படி அடைப்பது என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

வாசிப்புப் பாடத்தில் சுவர் அட்டையும் கரும்பலகையும் செய்ய முடியாத வேலைகள் மூன்றுதான். குரல் கேட்கும் அதே நொடியில் அந்த ஒலிக்குரிய எழுத்தைச் சுட்டுவது, அதையும் எத்தனை முறை கேட்டாலும் ஒரே மாதிரி. உயிர்மெய் எழுத்து எந்த வரிசையில் உருவாகிறது என்பதை அசைத்துக் காட்டுவது. ஒரு சொல்லின் மற்ற எழுத்தெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க, ஒன்றை மட்டும் மாற்றுவது. இந்த மூன்றையும் திரைக்குக் கொடுங்கள். முடிந்ததும் திரையை இருட்டாக்குங்கள். பவர்பாயின்ட் காட்சியில் 'B' விசையை அழுத்தினால் திரை கறுத்துவிடும், மீண்டும் அழுத்தினால் விட்ட இடத்துக்கே வரும். வகுப்பில் அதிகம் பயன்பட வேண்டிய விசை அதுதான்.

யூடியூபில் கிடைக்கும் எழுத்துப் பாடல்களை வாசிப்புப் பாடமாக எடுத்துக்கொள்வதில்தான் முதல் சறுக்கல். 'அ அணில், ஆ ஆடு' என்று ஓடும் காணொளியில் பிள்ளை பார்ப்பது அணிலை. சோதிப்பது எளிது. படத்தைத் தாளால் மறைத்து எழுத்தை மட்டும் காட்டிக் கேளுங்கள், பாதிப்பேர் தடுமாறுவார்கள். எழுத்தை மறைத்துப் படத்தை மட்டும் காட்டினால் எல்லோரும் "அ!" என்பார்கள். கனடாவில் மேரி ஆன் எவன்ஸ், ஜான் சென்ட் ஓபான் என்ற இரு ஆய்வாளர்கள், கதைப்புத்தகத்தை வாசித்துக் காட்டும்போது 4, 5 வயதுப் பிள்ளைகளின் கண் எங்கே போகிறது என்று கருவி வைத்து அளந்து 2005-இல் வெளியிட்டார்கள். பார்வை ஏறக்குறைய முழுக்கப் படத்தில்தான் இருந்தது. அசையாத புத்தகத்திலேயே இப்படி என்றால், துள்ளும் அணிலுக்குப் பக்கத்தில் நிற்கும் எழுத்தை யார் பார்ப்பார்கள்?

எனவே படமும் எழுத்தும் ஒரே நேரத்தில் திரையில் இருக்க வேண்டாம். முதலில் படம் மட்டும், அதைப் பற்றிப் பேச்சு. பிறகு படம் போய்விடும், வெள்ளைப் பரப்பில் எழுத்து மட்டும். பிள்ளைகள் வாசித்து முடித்த பிறகு படம் மறுபடி வரட்டும், அவர்கள் வாசித்தது சரிதானா என்று சொல்லும் விடையாக. படம் எழுத்தோடு கூடவே நின்றால் ஊகம் வளரும். வாசித்த பின்னால் வந்தால் வாசிப்பு வளரும்.

பாட்டு வேகமாக இருக்கிறதென்று 0.5 வேகத்தில் ஓட்டுகிறவர்கள் உண்டு. தமிழுக்கு இது ஆகாது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. இந்த அளவில்தான் 'படி'யும் 'பாடி'யும் வேறு வேறு சொல்லாகின்றன. ஒலியைப் பாதி வேகத்தில் இழுத்தால் குறில் நெடிலாகக் கேட்கும், எழுத்தில் துணைக்கால் இல்லாதபோது காதில் மட்டும் நீண்டு ஒலிக்கும். பிள்ளை எதை நம்பும்? வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் சொல்லை இழுக்காதீர்கள். சொல்லை இயல்பாகச் சொல்லி, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இரண்டு விநாடி மௌனம் விடுங்கள். இதனால்தான் இறக்கிவைத்த காணொளியைவிட ஆசிரியரே போனில் பதிவு செய்த குரல் பல மடங்கு உபயோகமானது.

அந்தக் குரலில் எதைப் பதிவு செய்வது என்பதில் கவனம் வேண்டும். தமிழ் எழுத்தைத் தனியாக ஒலித்துக் காட்டினால் பாதி உண்மைதான் கிடைக்கும். 'கடல்', 'நகம்', 'சங்கு', 'பக்கம்' நான்கிலும் ககர வரிசை எழுத்து இருக்கிறது, ஆனால் ஒலி ஒன்றில்லை. 'க' என்ற தனி ஒலியை மட்டும் கேட்டுப் பழகிய பிள்ளை 'நகம்' என்பதை 'நக்கம்' போல வாசித்துவிட்டு, தனக்குத் தெரிந்த நகம்தான் இது என்பதே தெரியாமல் அடுத்த சொல்லுக்குப் போய்விடும். க, ச, ட, த, ப ஐந்துக்கும் இதே கதை. அதனால் இந்த ஐந்துக்கும் தனி எழுத்தின் ஒலியோடு நின்றுவிடாமல், சொல்லின் முதலில், நடுவில், மெல்லினத்துக்குப் பின், இரட்டித்து என்று நான்கு இடங்களிலும் வரும் சொற்களைப் பதிவு செய்யுங்கள். டகரம் மட்டும் தமிழ்ச் சொல்லின் முதலில் வராது, அதற்கு மூன்று போதும்: படம், வண்டு, பட்டம்.

மெய்யெழுத்தில் இதைவிடப் பெரிய சிக்கல் இருக்கிறது. 'ட்' என்பதை 'இட்' என்றுதான் எல்லா வகுப்பிலும் சொல்கிறோம். எழுத்தின் பெயராக அது சரி. ஆனால் 'பாட்டி' என்ற சொல்லுக்கு 'பா', 'இட்', 'டி' என்று மூன்று ஒலித்துண்டுகளை வரிசையாக ஓடவிட்டால், எவ்வளவு வேகமாகச் சேர்த்தாலும் அதிலிருந்து பாட்டி வரமாட்டார். புள்ளி வைத்த எழுத்து தனியாக நிற்காது, முன்னால் இருக்கும் எழுத்தோடு ஒட்டித்தான் ஒலிக்கும். ஆகவே திரையில் வண்ணம் மாறுவதும் அடிக்கோடு நகர்வதும் 'பாட்', 'டி' என்று இரண்டு தாவலாக இருக்கட்டும். 'பட்டம்' என்றால் 'பட்', 'டம்'. 'வண்டி' என்றால் 'வண்', 'டி'. புள்ளியைக் கண்டால் அதற்கு முந்தைய எழுத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது பிள்ளைக்கு விதியாகச் சொல்லாமலே பழகிவிடும். கடையில் வாங்கும் செயலிகள் பெரும்பாலும் எழுத்தெழுத்தாகத்தான் வண்ணம் மாற்றுகின்றன. வாங்குவதற்கு முன் 'பாட்டி'யைப் போட்டுப் பாருங்கள்.

பதிவு செய்ய ஸ்டூடியோ தேவையில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு, சன்னலை மூடி, போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் எதிரில் வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். நேரே பிடித்தால் 'ப' சொல்லும்போது காற்று மோதிப் 'படக்' என்று இரையும். ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னும் பின்னும் அரை விநாடி மௌனம் இருக்கட்டும். புளூடூத் ஸ்பீக்கர்கள் சத்தம் இல்லாதபோது உறங்கிவிட்டு, ஒலி வந்ததும் விழிப்பதற்குள் முதல் எழுத்தை விழுங்கிவிடும். போனின் எந்திரக் குரலைப் பயன்படுத்த வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முழு வாக்கியத்தை அது ஓரளவு சொல்லும். தனி எழுத்திலும் ழகரத்திலும் அதை நம்ப முடியாது.

இனி உயிர்மெய்க்கு வருவோம். அசையும் திரையின் உண்மையான மதிப்பு தமிழில் இங்கேதான் தெரிகிறது. 'கா', 'கி', 'கீ' மூன்றிலும் குறி எழுத்துக்குப் பின்னாலோ மேலேயோ வருகிறது, கண் இடமிருந்து வலம் போக, ஒலியும் அதே வரிசையில் வரும். 'கெ', 'கே', 'கை' அப்படி இல்லை. கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலியில் அது பின்னால் வருகிறது. 'கொ', 'கோ'வில் எழுத்தின் இரண்டு பக்கமும் குறி. அச்சிட்ட அட்டையில் எல்லாம் ஒரே நேரத்தில் தெரிவதால், பிள்ளை கொம்பை முதலில் பார்த்துவிட்டு 'எ' என்று தொடங்கும், அல்லது கொம்பையும் காலையும் விட்டுவிட்டு 'க' என்று வாசிக்கும். திரையில் 'க' முதலில் தெரிந்து, குரல் 'க்' என்று தொடங்கி, இடப்பக்கம் கொம்பு வந்து ஒட்டும்போது 'கெ' என்று முடிந்தால், ஒலியின் வரிசையும் எழுத்து உருவாகும் வரிசையும் ஒன்றாகிவிடுகின்றன.

இதைச் செய்ய முயல்கிறவர்கள் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. கொம்பைத் தனியாகத் தட்டச்சு செய்தால் பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் வந்து நிற்கும். கணினி எழுத்துகளுக்கான யூனிக்கோடு முறையில் கொம்பு தனியெழுத்து ஆகாது, மெய்யைச் சார்ந்தது. பவர்பாயின்டில் எழுத்தெழுத்தாகத் தோன்றும் அசைவைக் கொடுத்தாலும் சில பதிப்புகளில் இப்படி உடைந்து தெரியும். எளிய வழி: 'கெ' என்று முழுதாகவே 300 அளவில் தட்டச்சு செய்யுங்கள். ஸ்லைடின் பின்னணி நிறத்திலேயே, கோடு இல்லாத ஒரு செவ்வகத்தைக் கொம்பின்மேல் வைத்து மூடுங்கள். அந்தச் செவ்வகத்துக்கு 'டிஸப்பியர்' அசைவைக் கொடுத்து, சொடுக்கினால் மறையுமாறு வையுங்கள். 'கொ'வுக்கு இரண்டு செவ்வகங்கள், இரண்டும் ஒரே சொடுக்கில் மறைய வேண்டும். இலவச மென்பொருளான லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ்ஸிலும் இதே முறை வேலை செய்யும். பின்னணியில் வண்ணச் சாயல் எதுவும் போடாதீர்கள், மூடியிருக்கும் செவ்வகம் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் வேறுபடுவது ஒரு சுழியில்தான். 'கெ'யும் 'கே'யும் அடுத்தடுத்து ஒரே இடத்தில் மாறி மாறித் தோன்றட்டும், குரலும் மாறட்டும். இரண்டையும் பக்கம் பக்கமாக வைப்பதைவிட இது கண்ணில் நன்றாகப் படும், மாறும் பகுதி மட்டுமே அசைவதால். உகர வரிசைக்கு வேறு வழி வேண்டும். அங்கே குறி ஒரே மாதிரி இல்லை. சு, பு, வு, யு ஒரு குடும்பம், து, நு, லு, று, ணு, னு இன்னொன்று, டு, மு, ரு, ழு, ளு மற்றொன்று, கு தனி. உகர எழுத்து 18-ஐயும் ஒரே நாளில் ஓட்டிக் காட்டும் காணொளி, பிள்ளையின் மனதில் ஒரு குழப்பத்தைத்தான் விட்டுப்போகும். குடும்பம் குடும்பமாக, ஒரு நாளைக்கு ஒன்று போதும். பேனா எங்கே தொடங்கி எங்கே வளைகிறது என்று கையால் எழுதுவதை மேலிருந்து போனில் படம்பிடித்தால் அதைவிடச் சிறந்த காணொளி வேண்டாம். எழுதும் கை எழுத்தை மறைக்காதபடி கேமராவை எழுதுபவரின் இடது தோள் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள் (இடக்கையால் எழுதுபவர் என்றால் வலப்பக்கம்).

மூன்றாவது வேலையான சொல் மாற்றத்துக்கு நிறைய எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. ப, ம, ட மூன்றும், அவற்றின் ஆகார இகர வடிவங்களும், புள்ளியும் போதும். படம், மடம், மாடம், பாடம். அடுத்து படி, மடி, மாடி, பாடி, பாட்டி, பட்டி. ஒவ்வொரு தாவலிலும் ஒரே ஒரு மாற்றம். எல்லாம் பிள்ளைக்குத் தெரிந்த சொல்லாக இருந்தால் நல்லது, 'மாடம்' போன்றதை விளக்கு வைக்கும் மாடத்தின் படம் காட்டிப் புரியவைக்கலாம். இந்த ஸ்லைடுகளை நடுவில் அமையுமாறு வைக்கக் கூடாது. இடப்பக்கம் ஒட்டி அமையுங்கள். நடுவில் வைத்தால் 'மடி' 'மாடி' ஆகும்போது துணைக்கால் நுழைந்ததும் எல்லா எழுத்தும் இடம் நகரும், எது மாறியது என்பது கண்ணுக்குத் தப்பிவிடும். ஸ்லைடு மாறும்போது வரும் அலங்கார அசைவுகளையும் எடுத்துவிடுங்கள்.

40 நிமிடப் பாடவேளையில் திரை எரிய வேண்டியது 12 நிமிடம், அதையும் மூன்றாகப் பிரித்து. ஆரம்பத்தில் படம் மட்டும். "படத்துல யாரு இருக்காங்க? கையில என்ன வச்சிருக்காங்க?" என்று கேட்டு, வாசிக்கப்போகும் சொற்கள் பிள்ளைகள் வாயிலிருந்தே வரும்படி செய்துவிடுங்கள். ஒரு சொல்லை முதன்முதலாக எழுத்தில் சந்திக்கும்போது அது காதுக்கு ஏற்கெனவே பழக்கமாகியிருக்க வேண்டும். பிறகு படம் மறைந்து இரண்டு வரி, ஐந்தாறு சொல். பதிவு செய்த குரலும் நகரும் அடிக்கோடும் ஒரு முறை. இரண்டாம் முறை குரலை நிறுத்திவிட்டு அடிக்கோடு மட்டும் நகரட்டும், பிள்ளைகள் குரல் கொடுக்கட்டும். மூன்றாம் முறை அடிக்கோடும் வேண்டாம். திரையை இருட்டாக்கி, கீழ்மட்டக் கரும்பலகைக்கு அனுப்புங்கள். செயல்வழிக் கற்றல் காலத்தில் சுவரைச் சுற்றிப் பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்தில் அமைத்த அந்தப் பலகை இன்னும் பல பள்ளிகளில் இருக்கிறது, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் இடம். நினைவிலிருந்து இரண்டு சொல் எழுதுகிறார்கள். அதன் பிறகு நான்கு நிமிடம் சொல் மாற்றம். மறுபடி இருட்டு. இறுதியில் அதே வரிகள் அச்சிட்ட அட்டை கையில், இணை இணையாக விரல் வைத்து வாசிப்பு. கடைசி இரண்டு நிமிடத்துக்குப் படம் திரும்ப வரும்.

அமெரிக்கக் கல்வி உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பல்லூடகக் கற்றல் பற்றிச் சொன்ன விதிகளைப் பயிற்சி முகாமில் கேட்டவர்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் வரலாம். திரையில் உள்ள எழுத்தையே குரலும் சொன்னால் அது மிகை, கற்றலுக்கு இடையூறு என்பது அவர் சொன்னவற்றில் ஒன்று. அது அறிவியல் விளக்கங்களுக்கு, ஏற்கெனவே வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு. வாசிக்கவே கற்கும் பிள்ளைக்குக் கற்க வேண்டிய பொருளே அந்த எழுத்தும் குரலும் சேரும் இடம்தான். ஆனால் தேவையற்ற அலங்காரம் கவனத்தைத் திருடும் என்ற அவருடைய மற்றொரு விதி இங்கே முழுமையாகப் பொருந்தும். பின்னணி இசை, கைதட்டல் ஒலி, மூலையில் ஆடும் பொம்மை எல்லாவற்றையும் தயங்காமல் நீக்குங்கள்.

இணை வாசிப்பின்போது ஒன்றைக் கவனியுங்கள். ஆறு வயதுப் பிள்ளைகளின் நினைவாற்றல் அபாரமானது. இரண்டு முறை கேட்ட எட்டு வரிக் கதையை அப்படியே ஒப்பிப்பார்கள், விரலும் வரிமேல் சரியாக நகரும். வாசிக்கிறார்கள் என்று நம்பிவிடாதீர்கள். வரிகளைத் தலைகீழ் வரிசையில் அடுக்கிக் கொடுங்கள். "மூணாவது வரியில 'மாடி' எங்க இருக்கு, காட்டு" என்று கேளுங்கள். அல்லது 'பாட்டி பாடினார்' என்று இருந்ததை 'மாமா பாடினார்' என்று மாற்றி வையுங்கள். பாட்டி என்றே வாசித்தால் அது ஒப்பித்தல்தான். திட்ட வேண்டாம், அந்தப் பிள்ளைக்குத் திரைக் குரல் ஏற்கெனவே அதிகமாகிவிட்டது என்று பொருள். அடுத்த சில நாட்களுக்குக் குரல் இல்லாத ஸ்லைடு மட்டும் காட்டுங்கள்.

எழுத்தின் அளவைப் பெரும்பாலோர் கடைசி வரிசையிலிருந்து பார்ப்பதே இல்லை. 6 மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் புள்ளியும் கொம்பின் சுழியும் தெளிவாகத் தெரிய, எழுத்தின் உடல் 6 செ.மீ. உயரமாவது இருக்க வேண்டும். 43 அங்குல டிவியின் திரை ஏறக்குறைய 95 செ.மீ. அகலம், 53 செ.மீ. உயரம். பவர்பாயின்டின் அகல ஸ்லைடு 19 செ.மீ. உயரம், ஆக டிவியில் 2.8 மடங்கு பெரிதாகிறது. எழுத்தின் உடல் எழுத்துரு அளவில் பாதிக்குச் சற்று மேல்தான் என்று கொண்டு கணக்குப் போட்டால், எழுத்துரு அளவு 110-க்குக் குறையக் கூடாது. அந்த அளவில் ஒரு வரிக்கு மூன்று சொல்தான் பிடிக்கும். ஸ்லைடில் முழுப் பத்தியைப் போட்டுவிட்டுப் பின்வரிசைப் பிள்ளைகள் கவனிப்பதில்லை என்று வருந்துவதில் பயனில்லை, அவர்களுக்குத் தெரியவில்லை. நிர்மலா, லதா, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எளிய எழுத்துருக்களே போதும். வளைவு நெளிவான விளம்பர எழுத்துருக்களில் 'ே' குறியின் சுழி அடைபட்டுக் கொம்பு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும்.

டிவியைத் திருட்டுக்குப் பயந்து கூரையை ஒட்டி மாட்டுவது வழக்கம். தரையில் அமர்ந்த பிள்ளை அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கும், எழுந்துவந்து எழுத்தைத் தொட்டுக் காட்டவும் முடியாது. கீழ் விளிம்பு தரையிலிருந்து 80, 90 செ.மீ. உயரத்தில் இருந்தால் இரண்டும் நடக்கும், பூட்டும் மரப்பெட்டி செய்துகொள்ளலாம். சன்னல் எதிரே இருந்தால் காலை வெயில் திரையில் அடிக்கும். கறுப்புப் பின்னணியில் சன்னலே தெரியும், இளமஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து அதைத் தாங்கும். வண்ணம் மாற்றிச் சுட்டுவதில் சிவப்பையும் பச்சையையும் எதிரெதிராக வைக்காதீர்கள், அந்த வேறுபாடு தெரியாத பிள்ளைகள், முக்கியமாகப் பையன்கள், வகுப்பில் இருக்கலாம். அடிக்கோடு யாருக்கும் தெரியும்.

கோளாறுகளில் சில திரும்பத் திரும்ப வருபவை. புளூடூத் ஸ்பீக்கரில் ஒலி கால் விநாடி வரை பிந்தும். காணொளி ஓடும்போது போனே அதைச் சரிக்கட்டிவிடக்கூடும், பவர்பாயின்டிலும் செயலிகளிலும் பெரும்பாலும் அப்படி நடக்காது. அடிக்கோடு 'டி'யில் நிற்கும்போது காதில் 'பாட்' கேட்கும், பிள்ளை தவறான எழுத்தோடு ஒலியைச் சேர்த்துக்கொள்ளும். 3.5 மி.மீ. பின் உள்ள சாதாரணக் கம்பி இதைத் தீர்த்துவிடும். பென்டிரைவில் காணொளி ஓடவில்லை என்றால் அதை ஃபேட்32 வடிவில் அமைத்து, காணொளியை எம்பி4 ஆகச் சேமியுங்கள். தனிக் கோப்பாக இணைக்கும் தமிழ் வசனவரி பல டிவிகளில் கட்டம் கட்டமாகத்தான் தெரியும், வசனத்தைக் காணொளியோடு சேர்த்தே பதித்துவிடுவது பாதுகாப்பு. போனில் காணொளி வெட்டும் செயலி எதையும் நம்புவதற்கு முன் 'கொக்கு, கௌதாரி, ஸ்ரீ' என்று தட்டச்சு செய்து பாருங்கள். கொம்பு இடம் மாறினால் அந்தச் செயலி வேண்டாம்.

தட்டச்சிலேயே ஒளிந்திருக்கும் பிழையும் உண்டு. 'கௌ' என்பதற்குப் பதில் 'கெ'யும் 'ள'வும் சேர்த்துத் தட்டச்சு செய்வது மிகப் பரவலான தவறு. கண்ணுக்கு ஒரே மாதிரி தெரியும், எந்திரக் குரல் 'கெளதாரி' என்று வாசிக்கும், தேடினாலும் கிடைக்காது. 'ஔ'வை 'ஒ', 'ள' என்று அடிப்பதும் அப்படியே. 'எ' என்ற எழுத்துக்குப் பதில் தமிழ் எண் ஏழாகிய '௭' நுழைந்துவிடுவதும் நடக்கிறது.

பிள்ளை வாசிப்பதைக் கேட்டுத் திருத்தும் செயலிகள் இருக்கின்றன. கூகுள் 2019-இல் 'போலோ' என்று வெளியிட்டு 2020-இல் 'ரீட் அலாங்' என்று பெயர் மாற்றிய செயலி தமிழுக்கும் வந்தது. தனியாக, அமைதியான இடத்தில், ஐந்து நிமிடம் பயிற்சி செய்ய இவை நல்லவை. 30 பிள்ளைகள் பேசும் அறையில் பக்கத்துப் பிள்ளையின் குரலையும் சேர்த்துக் கேட்டுச் சரியை தவறென்றும் தவறைச் சரியென்றும் சொல்லிவிடும். வீட்டில் ழகரத்தை ளகரமாகப் பேசும் பிள்ளை ஒவ்வொரு முறையும் தடுக்கப்பட்டால் வாசிக்கவே கூச்சப்படும். மதிப்பெண்ணைச் செயலியிடம் விடாதீர்கள்.

கதைகளுக்குப் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளம் நல்ல இடம். தமிழில் நிலை வாரியாக நிறையக் கதைகள், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். ஆனால் முதல் நிலைக் கதையிலும் நீங்கள் இன்னும் சொல்லித்தராத எழுத்துகள் இருக்கும். படத்தை வைத்துக்கொண்டு, தெரிந்த எழுத்துகளால் மட்டும் வரியை மாற்றி எழுதுங்கள், எழுதியவர், வரைந்தவர் பெயரையும் உரிமத்தையும் வரியை மாற்றியிருப்பதையும் கடைசி ஸ்லைடில் குறிப்பிட்டுவிட்டால் உரிமம் அதை அனுமதிக்கிறது. பாட்டு வேண்டும் என்றால் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே மனப்பாடமான பாட்டை எடுத்து, அதே மொழியில் வரிகளைப் போட்டு, பாடும் சொல் வண்ணம் மாறும்படி காட்டுங்கள். அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தின் பிரிஜ் கோத்தாரி 1996 முதல் எடுத்துச் சென்ற முறை இது, தொலைக்காட்சிப் பாடல்களில் செய்துகாட்டப்பட்டது. எழுத்துகளை ஏற்கெனவே அடையாளம் காணும் பிள்ளைக்கு இது வேகத்தைக் கூட்டும். எழுத்தே தெரியாத நிலையில் இதைத் தொடங்குவதில் பயன் குறைவு, ஆகவே மொட்டு நிலைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் காணொளி வேண்டாம். 30 விநாடிக் குரல்பதிவு வாட்ஸ்அப்பில் போதும், அச்சிட்ட அட்டை பிள்ளையின் பையில். வாசிக்கத் தெரியாத அம்மாவோ தாத்தாவோகூட அதை ஓடவிட்டு, "எங்க இருக்கு, விரலை வை" என்று சொல்ல முடியும்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பிள்ளையிடமும் பத்துச் சொல் கொண்ட ஒரு தாளைக் கொடுங்கள். ஆறு சொல் திரையில் பார்த்தவை, நான்கு அதே எழுத்துகளால் ஆன, எங்குமே காட்டாத சொற்கள். பத்தையும் வாசித்தால் அடுத்த எழுத்துக் குடும்பத்துக்குப் போகலாம். ஆறை வாசித்து நான்கில் நின்றால் பிள்ளை சொல்லின் உருவத்தை மனதில் பதித்திருக்கிறது, எழுத்துகளைச் சேர்க்கவில்லை. கதை ஸ்லைடுகளை நிறுத்திவிட்டுச் சொல் மாற்றத்தை மட்டும் ஒரு வாரம் தொடருங்கள். திரையில் பார்த்த ஆறிலேயே தடுமாறினால், திரையை மறந்துவிட்டு அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, கீழ்மட்டப் பலகையில் 'ப', 'ம', 'ட' மூன்றிலிருந்து தொடங்குங்கள்.